ஒசெகோரின் மணல் அலைகள்

பிரான்சின் தென்மேற்கே, பிஸ்கே வளைகுடாவின் கரையில் இருக்கும் சிற்றூர் ஒசெகோர். அங்கே கடலடியில் பாறையும் இல்லை, பவளத்திட்டும் இல்லை, எல்லாம் மணல்தான். ஆனாலும் அலைச்சறுக்கு வீரர்களில் அந்த ஊரை அறியாதவர் அரிது.

காரணம் ஒரு பள்ளத்தாக்கு. பக்கத்து ஊரான கப்ரெத்தோனின் துறைமுகத்துக்குச் சில நூறு மீட்டர் தள்ளிக் கடலுக்குள் தொடங்கி, மேற்கே 3000 மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. பொதுவாக அலை ஆழம் குறைந்த கடலில் தரையோடு உரசி வேகமும் வலுவும் இழந்தே கரை சேரும். இந்தப் பள்ளத்தின் மேல் வரும் அலைக்கு அந்த இழப்பு குறைவு. பள்ளத்தின் மேல் இருக்கும் பகுதி முந்த, இருபுறமும் இருப்பது பின்தங்க, முகடு வளைகிறது. பள்ளத்தை அடுத்த கரையில் அதன் வலு குவிகிறது.

எல்லா அலையும் இப்படி வளைவதில்லை. ஒரு முகட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 7 நொடி என்றால் ஆழ்கடலில் அந்த அலையின் நீளம் சுமார் 76 மீட்டர். 14 நொடி என்றால் சுமார் 306. நீளத்தில் பாதியளவு ஆழம் வந்ததும் அலை தரையை உணரும். ஆகவே நெடிய அலை தொலைவிலேயே திரும்பத் தொடங்கிவிடும். உயரத்தை மட்டும் பார்த்துப் பலகையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர் பாதிக் கணக்கைத்தான் போட்டிருக்கிறார்.

மீதியைப் போடுவது மணல். ஆழம் அலை உயரத்தின் ஏறத்தாழ 1.3 மடங்காகக் குறையும் இடத்தில் அலை உடையும். லா கிராவியேர் என்ற பகுதியில் அது கரைக்கு மிக அருகே, திடீரென்று நடக்கிறது. நீர் குழலாகச் சுருண்டு விழுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 4 மீட்டர்வரை வேறுபாடு இருப்பதால், காலையில் அலை அருமையாக உடைந்த மணல்திட்டில் மதியம் ஒன்றுமில்லாமல் போகலாம். தரையிலிருந்து வீசும் கீழ்க்காற்று அலையின் முகத்தைத் தாங்கி நிமிர்த்தும். பகலில் கடற்காற்று எழுந்தால் அதைக் கலைத்துவிடும். புயல் வந்தால் திட்டே இடம் மாறும். 2019 வரை இங்கே நடந்த உலகத் தொடர்ப் போட்டிக்கு ஒரே களம் என்று கிடையாது. மணல் எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே நகர்ந்தது.

திட்டுக்கும் கரைக்கும் இடையே தேங்கும் குட்டைகளை ஊர்க்காரர்கள் 'பயீன்' என்பார்கள். வற்றத்தின்போது அவற்றின் நீர் குறுகிய வாய்க்கால் வழியே கடலுக்குப் பாயும். சறுக்குவோருக்கு அது கை வலிக்காமல் உள்ளே போகும் வழி. குளிக்க வந்தவரையோ இழுத்துச் சென்றுவிடும். புதிதாகப் பழகுகிறவர்களுக்குத் துறைமுகச் சுவரின் மறைவில் லா சுத் என்ற அடக்கமான கரை இருக்கிறது.