போசான் இணைகளின் கணக்கு

பிரிக்பீல்ட்சிலிருந்து சிறிது தொலைவில், பந்தாய்ப் பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது மலாயாப் பல்கலைக் கழகம். அங்குள்ள தேசியத் துகள் பௌதிக நிலையத்தின் பெயர், சுவிட்சர்லாந்து - பிரான்சு எல்லையில் நடைபெறும் சி.எம்.எஸ். ஆராய்ச்சியில் பங்கு கொண்ட நிலையங்களின் வரிசையில் காணப்படுகிறது. அவ்வாராய்ச்சி அளந்துவரும் செய்திகளுள் ஒன்று, விசை சுமக்கும் போசான்கள் இரண்டிரண்டாகப் பிறப்பது.

போசான் என்னும் பெயர் நமக்கு அயலானதன்று. வங்காள அறிஞர் சத்தியேந்திரநாத் போஸ் 1924-ஆம் ஆண்டில் வெளியிட்ட கருத்தையொட்டி எழுந்தது அது. மின்காந்த விசையைச் சுமப்பது ஒளித்துகள். அணுக்கருச் சிதைவில் தொழிற்படும் மெல்விசையைச் சுமப்பவை டபிள்யூ, இசட் என்பன. 1983-இல் செர்ன் நிலையத்தில் கண்டுபிடிக்கப்பட்ட இவை, புரோட்டானைப் போல முறையே ஏறத்தாழ 86 மடங்கும் 97 மடங்கும் நிறை உடையவை.

இவற்றின் இணைகளை எண்ணுவதால் பயன் யாது? இரண்டு விளக்குகளின் ஒளிக்கற்றைகள் ஒன்றையொன்று தடையின்றிக் கடந்து செல்வதை யாவரும் காணலாம். ஒளித்துகளுக்கு மின்னேற்றம் இன்மையால், அது பிறிதோர் ஒளித்துகளோடு நேரே இணைவதில்லை. டபிள்யூவோ இசட்டோடும் ஒளித்துகளோடும் நேரே இணைய வல்லது என்பது கிளாஷோ, சலாம், வைன்பர்க் ஆகியோர் வகுத்த கொள்கை. அவ்விணைப்பைக் கணக்கில் சேர்க்காவிடின், ஆற்றல் ஏற ஏற, டபிள்யூ இணை பிறக்கும் வாய்ப்பு எல்லை கடந்து பெருகும். சேர்த்தாலோ, ஒன்றை மற்றொன்று ஈடுசெய்து கட்டுக்குள் நிற்கும். ஆகவே, இணைகளை எண்ணுவது கொள்கையின் அடித்தளத்தையே சோதிப்பதாகும்.

ஆனால், எண்ணுவது எளிதன்று. 27 கிலோமீட்டர்ச் சுற்றளவுள்ள வளையத்தில் புரோட்டான்கள் எதிரெதிரே ஓடி மோதுகின்றன. ஏறத்தாழ 70 கோடி மோதல்களில் ஒன்றில்தான் டபிள்யூ இணை தோன்றும். தோன்றிய கணமே சிதையும். சிதைவில் பிறக்கும் எலெக்ட்ரானும் மியூவானும் கருவியில் தடம் பதிக்கும்; உடன்பிறக்கும் நியூட்ரினோவோ அகப்படாது. கிள்ளான் துறைமுகக் கிடங்கில் இறங்கிய சரக்கையும் எஞ்சிய சரக்கையும் ஒப்பிட்டால், வெளியே சென்றது தெரிந்துவிடும் அன்றோ? அதுபோன்றதே இதுவும். மோதுமுன் பக்கவாட்டில் உந்தம் இல்லை. ஆதலின் மோதிய பின்னும் அத்திசைகளில் கூட்டுத்தொகை பூச்சியமாதல் வேண்டும். குறைவு காணப்படின், அது நியூட்ரினோ கொண்டுசென்ற பங்கு.

வேறு நிகழ்ச்சிகளும் இதே வேடம் பூணுவதுண்டு. டாப் குவார்க் இணை சிதையும்போதும் இரண்டு டபிள்யூக்கள் வெளிப்படும். ஆயின் அவற்றோடு துகள் தாரைகளும் எழும். அத்தாரைகளை அடையாளமாகக் கொண்டு பதரை நீக்குவர்.

13 டெரா எலெக்ட்ரான் வோல்ட் மோதல்களை ஆராய்ந்து சி.எம்.எஸ். குழுவினர் 2020-இல் வெளியிட்ட அளவு 117.6 பிக்கோபார்ன், பிழை எல்லை 6.8. கொள்கை தரும் அளவு 118.8, அதன் பிழை எல்லை 3.6. வேறுபாடு 1.2 மட்டுமே, பிழை எல்லைக்குள் அடங்கியது. கொள்கை இச்சோதனையில் தேறியது எனலாம். எனினும் பிழை எல்லை குறுகக் குறுக, இன்று மறைந்து கிடக்கும் சிறு வேறுபாடும் புலனாகலாம். அது புதியதொரு துகளின் சுவடாகவும் இருக்கலாம்.

விடையோடு பிழை எல்லையையும் எழுதும் இந்நல்வழக்கம், பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே தொடங்கத் தக்கது.