வழக்கறிஞரின் கைப்பேசியும் கட்சிக்காரரின் நாட்கணக்கும்

வழக்கறிஞர் என்றவுடன் கறுப்பு அங்கியும் தடித்த சட்டப் புத்தகங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இன்று தாலுகா நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவரின் காலைப்பொழுது வாட்ஸ்அப் செய்திகளோடுதான் விடிகிறது. கல்லூரி விட்டபின் மாலை வேளைகளில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்ப்பவன் என்ற முறையில், இச்செய்திகளைத் திறம்படக் கையாளும் வழி பற்றி நான் அறிந்ததை இங்கே கூற விழைகின்றேன். மாணவ நண்பர்களில் சிலர் நாளை சட்டக் கல்லூரிக்குச் செல்லக்கூடும். மற்றவர்களும் என்றேனும் ஒருநாள் கட்சிக்காரராக அங்கே போய் நிற்க நேரலாம். (நீதிமன்ற வழக்கில் கட்சிக்காரர் என்றால் வழக்காடுபவர், அரசியல் இல்லை!)

காலை வணக்கப் பூக்கள், வழக்கறிஞர் சங்க அறிவிப்பு, திருவிழா அழைப்பு, "சார், வாய்தா என்னாச்சு?" என்ற கேள்வி, பட்டாவின் படம், ஐந்து நிமிடக் குரல் செய்தி ஆகிய அனைத்தும் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. கைப்பேசிக்குத் தெரிந்த ஒழுங்கு ஒன்றே ஒன்றுதான்: கடைசியாக வந்தது மேலே, முன்னால் வந்தது கீழே. சட்டத்தின் ஒழுங்கு அதுவன்று. அது நாட்களை எண்ணுகிறது. இவ்விரண்டும் மோதுமிடத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

காசோலை வழக்கை எடுத்துக்கொள்வோம். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 138ஆம் பிரிவின்படி, காசோலை பணமின்றித் திரும்பியது என்ற தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் விடுக்க வேண்டும். நோட்டீசைப் பெற்றவருக்குப் பணம் கட்ட 15 நாள் அவகாசம். அதற்குள் கட்டாவிட்டால், அடுத்த ஒரு மாதத்திற்குள் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். புகார் தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம். நோட்டீசுக்கான 30 நாளுக்கோ அச்சலுகை சட்டத்தில் இல்லை. ஒரு சிறு கடைக்காரர் ஜூன் 3ஆம் தேதி வங்கி கொடுத்த மெமோவைப் படமெடுத்து, 5ஆம் தேதி இரவு வக்கீலுக்கு அனுப்புகிறார் என்று வையுங்கள். விடிவதற்குள் அதன்மேல் நாற்பது செய்திகள் ஏறிவிடும். அவரோ, 'வக்கீலிடம் சொல்லிவிட்டோம்' என்ற நிம்மதியில் இருப்பார். ஜூலை 3 கடந்தபின் அப்படம் கண்ணில் பட்டு என்ன பயன்? அந்தக் காசோலையை மறுபடி வங்கியில் போடவும், காசோலையின் ஆயுளாகிய மூன்று மாதம் மீதமிருக்க வேண்டுமே!

ஆகவே செய்தியை வந்த வரிசையில் பார்க்காமல், அதற்குள் இருக்கும் கடைசி நாளை வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை கைப்பேசியைத் திறந்து, ஒவ்வொரு செய்தியையும் ஒரு நீண்ட நோட்டில் பதிகிறோம்: வந்த தேதி, கட்சிக்காரர் பெயர், வழக்கு எண், கடைசி நாள். படங்களை அன்றே அச்செடுத்துக் கேஸ் கட்டில் சேர்த்துவிடுகிறோம். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் உரையாடல்களுக்கு வண்ணச் சீட்டு ஒட்டும் வசதி உண்டு. நல்லதுதான், ஆனால் என் அனுபவத்தில் நோட்டுக்கு ஈடில்லை. "வாய்தா என்னாச்சு" என்பவர்களுக்கு 16 எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டால், இ-கோர்ட்ஸ் செயலியில் அவர்களே அடுத்த தேதியைப் பார்த்துக்கொள்ளலாம்.

குரல் செய்தியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். "எழுதி அனுப்புங்கள், குரல் வேண்டாம்" என்று சில வழக்கறிஞர்கள் கட்டளையிடுகிறார்கள். அவர்களுக்கு நேரம் மிச்சமாகலாம். ஆனால் என் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தாயாருக்கு எழுதத் தெரியாது. பொத்தானை அழுத்திப் பேசத் தெரியும். அவரைப் போன்றோர்க்கு அந்தப் பொத்தான்தான் மனு. அதை மூடிவிட்டால், யார் கையையாவது பிடித்து எழுதி வாங்க அலைய வேண்டும். ரகசியமும் வெளியே போய்விடும். குரலைக் கேட்டு நான்கு வரியில் நோட்டில் எழுதிக்கொள்வது அலுவலகத்தின் வேலையே ஒழிய, கட்சிக்காரரின் வேலையன்று என்பது என் துணிபு.

ரகசியம் என்றேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம், 132ஆம் பிரிவின்படி, தொழில்முறையில் கட்சிக்காரர் கூறியதை அவர் சம்மதமின்றி வழக்கறிஞர் வெளியிடக் கூடாது. வழக்கறிஞரின் குமாஸ்தாவையும் ஊழியரையும் அப்பிரிவு கட்டுப்படுத்துகிறது. இக்கட்டுரையில் உண்மை வழக்கு எதுவும் இடம்பெறாததன் காரணம் அதுவே. சித்தப்பா, மைத்துனர், பத்திர எழுத்தர் எல்லோரையும் சேர்த்து ஒரு குழு தொடங்கி அதில் வக்கீலையும் இழுத்துப்போடும் வழக்கம் பெருகி வருகிறது. அங்கே வழக்கைப் பேசுவது சந்தையில் நின்று பேசுவதற்குச் சமம்.

கணினி அறிவியல் மாணவனாகிய எனக்குப் பெரிதும் சுவையாக இருப்பது அதே சட்டத்தின் 63ஆம் பிரிவு. மின்னணு ஆவணத்தின் நகலைச் சாட்சியமாக வைக்க ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை போன்றது. எஸ்.எச்.ஏ.-256 என்ற முறையில் எந்தக் கோப்பும் 256 பிட் நீளமுள்ள ஓர் எண்ணாகிவிடும். கோப்பில் ஒரே ஒரு புள்ளி மாறினும் எண் முற்றிலும் வேறாகிவிடும். வாட்ஸ்அப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கப்படுகிறது. ஆகவே வந்து சேர்வது அதே கோப்பன்று. ஆவணமாக இணைத்து அனுப்பினால் கோப்பு மாறாமல் வரும். எனவே கட்சிக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டியவை: படத்தை ஆவணமாக அனுப்புங்கள், மூலத்தை அழிக்காதீர்கள், தானே மறையும் செய்தி வசதியை நிறுத்துங்கள், பழைய கைப்பேசியை விற்றுவிடாதீர்கள்.

எதிர்த்தரப்பிலிருந்தும் செய்தி வரக்கூடும். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூலையில், வாட்ஸ்அப் வழியாகவும் நோட்டீஸ், சம்மன் சார்பு செய்ய உச்ச நீதிமன்றம் இடமளித்தது. ஆனால் 2025 ஜனவரியில், போலீசார் விசாரணைக்கு அழைக்கும் நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்புவது சட்டம் கூறும் முறைக்கு மாற்றாகாது என்று அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. எது செல்லும், எது செல்லாது என்று கட்சிக்காரர் தாமே முடிவு செய்துகொண்டு பேசாமல் இருந்துவிடக் கூடாது. வந்ததை வந்தபடியே அன்றே வக்கீலுக்கு அனுப்பட்டும்; "கிடைத்தது, இன்ன தேதிக்குள் பதில் போகும்" என்ற ஒரு வரி அவருக்கு அன்றே திரும்பிப் போகட்டும்.