இரவில் மெலடோனின், விடியலில் கார்டிசால்

கவலையோடு படுத்தால் தூக்கம் வராது. மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலும் இரவு ஹார்மோனான மெலடோனினும் பரம எதிரிகள் என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். அது பாதிதான் சரி.

ஒரே கடிகாரம்

மூளையின் ஹைபோதலாமஸில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, உடலின் தலைமைக் கடிகாரம் இருக்கிறது. இரண்டு ஹார்மோன்களுக்கும் நேரம் குறிப்பது அதுதான். இருட்டிய பின் பினியல் சுரப்பி மெலடோனினைச் சுரக்கத் தொடங்கி, நள்ளிரவுக்குப் பிறகு உச்சம் தொடும். அட்ரினல் சுரப்பி தரும் கார்டிசால் நள்ளிரவையொட்டி மிகக் குறைந்திருக்கும். விடியுமுன் ஏறத் தொடங்கி, கண்விழித்த அரை மணி நேரத்தில் இன்னும் கூடும். எழுந்து நடமாட அந்த ஏற்றம் நமக்கு வேண்டும். கார்டிசாலைக் கெட்டது என்று ஒதுக்காதீர்கள். இரவிலும் அது இறங்காமல் நிற்பதுதான் தொல்லை.

நார்அட்ரினலின் செய்யும் வேலை

பதற்றத்தில் இதயத்தைப் படபடக்க வைக்கும் நார்அட்ரினலின்தான் மெலடோனின் சுரக்கவும் ஆணையிடுகிறது. இருட்டியதும் கழுத்திலுள்ள நரம்பு முடிச்சிலிருந்து பினியலுக்குப் போகும் நரம்பிழைகள் அதை வெளிவிடுகின்றன. அப்படியானால் பகலில் பதறும்போதெல்லாம் மெலடோனின் பெருக வேண்டாமா? பெருகுவதில்லை. ரத்தத்தில் வரும் நார்அட்ரினலினை அந்த நரம்பு முனைகளே உறிஞ்சிக்கொண்டு சுரப்பியைக் காக்கின்றன. உடலின் இந்த ஏற்பாடு என்னை எப்போதும் வியக்க வைக்கும்.

ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் அட்டெனலால், ப்ரோப்ரனலால் போன்ற மாத்திரைகள் நார்அட்ரினலினின் ஆணையைத் தடுப்பதால், இரவு மெலடோனின் குறையலாம். அவற்றைச் சாப்பிடுபவருக்குத் தூக்கம் கெட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது; திடீரென நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து.

தூக்கம் கெட்டால்

ஓர் இரவுத் தூக்கம் குறைந்தாலே மறுநாள் மாலைக் கார்டிசால் இறங்கத் தாமதமாகிறது என்று 1997-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. மாலையில் கார்டிசால் இறங்காவிட்டால் அன்றிரவும் உடல் விழிப்பு நிலையிலேயே நிற்கக்கூடும். கவலையில் விளக்கைப் போட்டுக்கொண்டு அமர்ந்தாலோ, செல்போனைப் பார்த்தாலோ சிக்கல் கூடும். கடும் வெளிச்சம் மனிதரின் இரவு மெலடோனினை அடக்கும் என்பது 1980-இலேயே நிறுவப்பட்டது. நீல ஒளிக்கு அந்த ஆற்றல் அதிகம்.

ஆகவே தினமும் ஒரே நேரத்தில் எழுங்கள். எழுந்ததும் வெளியே வந்து காலை வெளிச்சம் படும்படி நில்லுங்கள். படுக்குமுன் ஒரு மணி நேரமாவது விளக்குகளைக் குறையுங்கள்.

மாத்திரை வாங்குமுன்

மெலடோனின் மாத்திரை கவலையைக் கரைக்காது. இரவு வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் செய்திதான் அது. தவறான நேரத்தில் விழுங்கினால் கடிகாரமே நகர்ந்துவிடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடக்கூடாது.