தம்பியை ஓடவிட்டு எடுத்த இளவரசன்

‘ப்ரின்ஸ்’ என்ற ஒற்றைச் சொல் போதும். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போன தலைமுறைக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். டாஸ் கற்றுக்கொள்ளப் போனோம். டாஸ் வந்ததோ இல்லையோ, அந்தக் கணினி விளையாட்டைக் குறுக்குவழியில் ஆட உதவும் ‘ப்ரின்ஸ் மெகாஹிட்’ கட்டளையைப் பிழையில்லாமல் டைப் அடிக்க வந்தது. ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு, தரையிலிருந்து குபீரென்று எழும் கூர்முனைகளுக்கு நடுவே ஒவ்வோர் அடியாக வைத்து நடப்போமே! தாவல் அரை அடி குறைந்தால் விளிம்பை விரல் நுனியால் பிடித்துத் தொங்குவான் இளவரசன். பிறகு முழங்கையை ஊன்றி, ஒரு காலை மேலே போட்டு ஏறுவான். பொம்மை ஏறுவதுபோலவே இருக்காது, எலும்பும் சதையுமாக ஓர் ஆள் ஏறுவதுபோல இருக்கும்.

காரணம், நிஜமாகவே ஓர் ஆள் ஏறியிருக்கிறான்!

1985. ‘ப்ரின்ஸ்’ விளையாட்டை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் அப்போதுதான் யேல் பல்கலைக்கழகப் படிப்பை முடித்திருந்தார். நியூயார்க் மாநிலத்தில் ரீடர்ஸ் டைஜஸ்ட் அலுவலகத்தின் கார் நிறுத்துமிடத்துக்குத் தம்பி டேவிடை அழைத்துப் போகிறார். தம்பி பள்ளிக்கூடப் பையன். வெள்ளை உடுப்பைப் போட்டுவிட்டு, “ஓடு, தாவு, சுவரைப் பிடித்து ஏறு” என்று அண்ணன் விஎச்எஸ் கேமராவில் படம் பிடிக்கிறார். அந்த வீடியோ இன்றைக்கும் யூடியூபில் இருக்கிறது. பார்த்தால் சிரிப்பு தாங்காது. ஓடிவந்து நின்று திரும்பும்போது கால் வழுக்கும் பாருங்கள், அது அச்சு அசல் நம் இளவரசன்!

வீடியோ எடுத்தாயிற்று, சரி. அதை 128 கே நினைவகம் கொண்ட ஆப்பிள் 2 கணினிக்குள் எப்படி ஏற்றுவது? இங்கேதான் மெக்னரின் பொறுமைக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். அறையை இருட்டாக்கி, வீடியோவை டிவியில் ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்தி, சாதாரண 35 மி.மீ. ஃபிலிம் கேமராவால் டிவி திரையையே போட்டோ எடுத்தார். ஃபிலிமைக் கழுவி, பிரிண்ட் போட்டு வரிசையாக ஒட்டினார். தம்பியின் உருவத்தைச் சுற்றிக் கறுப்பு மார்க்கராலும், டைப்பிங் பிழையை மறைக்கும் வெள்ளை மையாலும் வரம்பு கட்டினார். அதை ஜெராக்ஸ் எடுத்துக் கணினிக்குள் ஏற்றி, ஒவ்வொரு புள்ளியாகத் திருத்தினார். இன்றைக்கு போனிலேயே அரை நாளில் முடிகிற வேலை அவருக்கு மாதக்கணக்கில் இழுத்தது.

அவருக்கு இது முதல் முறை இல்லை. கல்லூரியில் இருந்தபோதே ‘கராத்தேகா’ என்ற விளையாட்டைச் செய்து, 1984-ல் ப்ரோடர்பண்ட் நிறுவனம் வழியாக வெளியிட்டவர். அதற்குக் கராத்தே மாஸ்டரைப் படம் பிடித்தார். அதில் இரண்டு குறும்புகள் உண்டு. ஃப்ளாப்பியைத் தலைகீழாகச் செருகினால் முழு விளையாட்டும் தலைகீழாக ஓடும். இன்னொன்று கொடூரம்: எல்லாரையும் அடித்து வீழ்த்திவிட்டு, சண்டை போடும் நிலையிலேயே விறைப்பாக இளவரசியிடம் போனால் அவள் விடும் ஒரே உதையில் கதை முடிந்துவிடும்! மாப்பிள்ளை ஒழுங்காக ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும்.

திரும்ப ப்ரின்ஸுக்கு வருவோம். வாள்சண்டைக்குத் தம்பி போதவில்லை. கைகொடுத்தது 1938-ல் வந்த ராபின் ஹூட் படம். எரோல் ஃப்ளின்னும் பேசில் ராத்போனும் மோதும் கடைசிச் சண்டையில், இருவரும் பக்கவாட்டில் தெரியும் சில நொடிகளைப் பிடித்துக்கொண்டார் மெக்னர். நம்மூர் சென்டரில் நாம் வீழ்த்திய காவலர்களுக்குப் பழைய ஹாலிவுட்தான் வாள் வாத்தியார். இசைக்கும் வெளியே போகவில்லை. அப்பா ஃபிரான்சிஸ் மெக்னரே மெட்டுப் போட்டார்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆரம்பத்தில் இந்த விளையாட்டில் எதிரிகளே கிடையாது. ஓடுவது, தாவுவது, பொறிகளில் சிக்காமல் தப்பிப்பது, அவ்வளவுதான். ப்ரோடர்பண்டில் டோமி பியர்ஸ் என்ற தோழி பார்க்கும்போதெல்லாம் “சண்டை வேண்டும்” என்று நச்சரித்தார். மெக்னரின் பதில் ஒன்றேதான்: நினைவகத்தில் இன்னோர் ஆளுக்கு இடமில்லை. தம்பியின் அசைவுகளே மொத்தத்தையும் நிரப்பிவிட்டன. சரி, புது ஆள் வேண்டாம், இருக்கிற ஆளையே இன்னொரு முறை காட்டினால்? இளவரசனின் படத்தை ஒரு புள்ளி நகர்த்தி, அதன் மேலேயே வைத்து, ஒத்துப்போகிற புள்ளிகளை அணைத்துவிட்டு வேறுபடுகிற புள்ளிகளை மட்டும் எரியவிட்டார்கள். மினுமினுக்கும் ஓர் ஆவி உருவம் எழுந்து நின்றது. கூடுதல் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

நிழல் மனிதன் பிறந்த கதை இதுதான். நான்காவது லெவலில் வழியை மறித்து நிற்கும் கண்ணாடிக்குள் ஓடிப்போய்த் தாவுகிறோம். மறுபக்கம் நம் பிம்பம் பிய்த்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடுகிறது; நம் உயிரோ ஒற்றைச் சிவப்பு முக்கோணமாகச் சுருங்கிவிடுகிறது. ஐந்தாவது லெவலில் நமக்கென்று இருந்த மருந்தை அவன் குடித்துவிட்டுப் போகிறான். ஆறாவதில், நாம் தாவும் நேரம் பார்த்துக் கதவை மூடுகிறான் பாவி! பன்னிரண்டாவதில் வாளோடு எதிரே நிற்கிறான். அவனைக் குத்தினால் நமக்கும் வலிக்கிறது. எத்தனையோ பேர் அங்கேயே மண்டையை உடைத்துக்கொண்டார்கள். விடை, வாளை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கி நடப்பது. இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். இடம் பற்றாமல் பிறந்த ஒருவன் மொத்தக் கதைக்கும் உயிர்நாடி ஆகிவிட்டான்! பிறகு புரோகிராமைச் சுருக்கி இடம் பிடித்து, காவலர்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள்.

1989-ல் ஆப்பிள் 2-க்கு வெளியானபோது விற்பனை படுமோசம். அந்தக் கணினியே அப்போது அந்திமக் காலத்தில் இருந்தது. 1990-ல் டாஸுக்கு வந்து, பிற நாடுகளுக்கும் பிற கணினிகளுக்கும் பரவிய பிறகுதான் இளவரசனுக்கு முடிசூட்டல். 1993-ல் இரண்டாம் பாகம் வந்தது. கூரை மேல் ஓட்டம், பறக்கும் கம்பளம் என்று செலவு தெரிந்தது, படங்களும் பளபளத்தன. ஆனால் தம்பி ஓடிய ஓட்டத்தின் கிறுக்குத்தனம் அதில் இல்லை என்பது என் கட்சி. கடைசியில் ஒரு சூனியக்காரி பளிங்கு உருண்டையில் எல்லாவற்றையும் பார்ப்பதாகக் காட்டி ‘தொடரும்’ போட்டார்கள். அந்தக் கிழவியின் கதை இன்றுவரை தொடரவே இல்லை!

முதல் பாகத்தின் ஆப்பிள் 2 மூலநிரல் பல ஆண்டுகளாகத் தொலைந்தே கிடந்தது. மெக்னர் தேடாத இடமில்லை. 2012-ல் அப்பா வீட்டு அலமாரியைக் குடைந்தபோது பெட்டி ஒன்று அகப்பட்டது; உள்ளே பழைய ஃப்ளாப்பிகள். காந்தப் பதிவு அழிந்திருக்குமோ என்ற நடுக்கத்தோடு, பழைய கணினிகளில் கைதேர்ந்தவர்களை வைத்துப் படித்தார்கள். எல்லாம் பத்திரமாக இருந்தது. கிட்ஹப்பில் இப்போது யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மெட்டுப் போட்ட அதே அப்பாதான் மகனின் நிரலையும் கண்டெடுத்துக் கொடுத்தார். டைட்டில் கார்டில் அவர் பேரை இன்னொரு தடவை போடலாம், தப்பில்லை.