பால் ஒரு கணக்கு, ஒட்டுப்பால் ஒரு கணக்கு

சென்ற மாதம் நாம் பத்து பெரண்டாமில் ஒரு தாமானுக்குப் போயிருந்தோம். தோட்டத்தை விட்டு வந்த நம் குடும்பங்கள் சில அங்கே இருக்கின்றன. பிள்ளைகள் பக்கத்துத் தொழிற்பேட்டை ஃபேக்டரிகளுக்குப் போகிறார்கள். ஐம்பதைத் தாண்டிய தாய்மார் சிலர் வீடு சுத்தம் செய்யும் வேலையில் இறங்கியிருக்கிறார்கள். ஒரே வீட்டில் மாதச் சம்பளத்துக்குக் கிடக்கும் வேலையல்ல. வாளி, மாப்பு, மருந்து எல்லாம் சொந்தத்தில் எடுத்துக்கொண்டு, நாலு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று பேசி வீடு வீடாகப் போகிறார்கள். சொல்லப்போனால் சொந்தத் தொழில்!

அங்கே ஓர் அக்கா காப்பி கொடுத்துவிட்டுத் தன் மனக்குறையைக் கொட்டினார். கூட்டித் துடைத்துக் குளியலறை கழுவ 80 வெள்ளி என்று பேச்சு. முதல் வாரமே வீட்டுக்கார அம்மாள், "அந்தக் காத்தாடியக் கொஞ்சம் தொடச்சிடுங்க" என்றாராம். துடைத்தார். அடுத்த வாரம் ஐஸ்பெட்டி. அதற்கடுத்து ஒரு கூடை துணி தேய்க்க வந்தது. நாலு மணி ஆறு மணியானது. 80 வெள்ளி மட்டும் அப்படியே நின்றது. மூன்று மாதம் கழித்து வாய் திறந்து கேட்டபோது, "இத்தனை நாள் சும்மாத்தானே செஞ்சீங்க?" என்று பதில் வந்தது. அதோடு அந்த வீடும் போயிற்று.

"நான் கேட்டது தப்பா தம்பி?" என்றார்.

கேட்டது தப்பில்லை அக்கா, கேட்ட நேரம்தான் தப்பு என்றோம். துணியைக் கையில் எடுப்பதற்கு முன்னே கேட்டிருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதா? இந்த அக்காவே பால்மரம் வெட்டியவர். வாளியில் வந்த பால் ஒரு கணக்கு. மங்கிலும் மரத்திலும் காய்ந்த ஒட்டுப்பாலுக்குத் தனி நிறுவை, தனிக் காசு. குறித்த அளவுக்கு மேல் வந்த பாலுக்கும் தனிக் காசு. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. முதலாளிமாரோடு அது போட்ட ஒப்பந்தங்களில் இவையெல்லாம் எழுத்தில் ஏறின. தராசு முள் கொஞ்சம் ஆடினாலும் கிராணியிடம் சண்டைக்குப் போனவர்கள் நாம். அதே கை இன்று ஊரார் வீட்டுக் காத்தாடியைச் சும்மா துடைக்கிறது!

தோட்டத்தில் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இருக்கிறது. 2025-இல் 1,700 வெள்ளியான குறைந்தபட்சச் சம்பளம் வீட்டுப் பணியாளருக்குப் பொருந்தாது. வீடு வீடாகத் தானே போகிறவருக்கு முதலாளியே கிடையாது. யாரிடம் போய் ஓவர்டைம் கேட்பது? விலையை நம் வாயால்தான் சொல்ல வேண்டும்.

அதே தாமானில் இன்னோர் அம்மா இருக்கிறார். அவர் செய்வதைப் பாருங்கள். போனதும் வீட்டுக்காரரோடு ஐந்து நிமிடம் வீட்டைச் சுற்றி வருவார். "அம்மா, அடுப்புக்கு மேல எண்ணெய்ப் பிசுக்கு கட்டியிருக்கு. இன்னிக்குக் கணக்குல அது இல்லை. ஒரு மணி நேரம் பிடிக்கும், 25 வெள்ளி. இன்னிக்கே செய்யட்டுமா, அடுத்த முறை பாத்துக்கலாமா?" அவ்வளவுதான். பிறகு பேசமாட்டார். வேண்டாம் என்றால் முகம் சுளிப்பதில்லை, அன்று மறுபடி கேட்பதுமில்லை. ஐஸ்பெட்டி, சன்னல், துணி தேய்ப்பு ஒவ்வொன்றுக்கும் விலை போட்டு மகள் மலாயில் எழுதித் தந்த தாள் ஒன்றைக் கைப்பேசியில் வைத்திருக்கிறார். சீனப் பெருநாளுக்கு முன்பே சீனர் வீடுகளுக்கு அனுப்பிவிடுவார். புத்தாண்டு அன்று கூட்டினால் அதிர்ஷ்டம் போய்விடும் என்பது அவர்கள் வழக்கம். பெருங்கூட்டல் எல்லாம் முன்னாலேயே முடிய வேண்டும். 2008-இல் மலாக்கா நகரம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பயணிகள் தங்கும் வீடு ஒன்றும் இந்த அம்மாவிடம் இருக்கிறது. அங்கே படுக்கை விரிப்பு மாற்றிச் சலவை செய்வது தனி விலை. முடித்ததும் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்.

காசு வருகிறது என்று தெரியாத வேலையை ஏற்காதீர்கள். பளிங்குத் தரையில் ஆசிட்டோ காடியோ பட்டால் பளபளப்பு அரித்துப்போகும். பிறகு நாலு மாத வருமானத்தைக் கேட்பார்கள். குளோரோக்ஸ் போன்ற வெளுப்பு மருந்தோடு கழிவறை ஆசிட்டைக் கலக்கவே கூடாது. கிளம்பும் நச்சுப் புகை நெஞ்சை அடைக்கும். ஏணி ஏறும் வேலையை விற்பதற்கு முன் பெர்கேசோ அலுவலகத்துக்கு ஒரு நடை போங்கள். சொந்தத் தொழில் செய்வோருக்கென்று 2017-இல் வந்த சட்டத்தில் சந்தா கட்டினால் வேலையில் நேரும் விபத்துக்குப் பாதுகாப்பு உண்டு.

இதையெல்லாம் கேட்ட முதல் அக்கா, "எல்லாம் சரி தம்பி, வாய் வரமாட்டேங்குதே" என்றார். ஆகவே நாம் வீட்டுக்காரராக உட்கார்ந்தோம். காத்தாடியைத் துடைக்கச் சொன்னோம். "அது... பதினஞ்சு வெள்ளி..." என்று தரையைப் பார்த்துச் சொன்னார். மகள் சிரித்துவிட்டாள். "சத்தமாச் சொல்லும்மா!" நாலாவது தடவைதான் நிமிர்ந்து சொன்னார்.

போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டார். புது வீடு கிடைத்ததாம். சன்னல் துடைக்கச் சொன்னார்களாம், விலையைச் சொன்னாராம்.

"என்ன சொன்னாங்க அக்கா?"

"கொஞ்சம் யோசிச்சாங்க தம்பி. அடுத்த வாரம் செய்யுங்கன்னாங்க."

அடுத்த வாரம் என்பது இந்த வெள்ளிக்கிழமை.