பத்தொன்பதாயிரத்து ஐந்நூறும் பத்தொன்பதரை லட்சமும்

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி. அங்கே தறிகளில் பெரிதும் ஓடுவது காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி. அது வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் போகிறது. போகும்போது வாங்குபவர் யார், விலை என்ன, வழியில் கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்று எல்லாம் தாளில் எழுதப்பட்டிருக்கும். அதே ஆஸ்பத்திரிகளுக்கு வேலை பார்க்கப் புறப்படும் நம் ஊர் நர்ஸ்களில் பலரிடம் இருப்பது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு கடிதமும் ஒரு ஏஜெண்டின் போன் நம்பரும்தான்.

நர்சிங் முடித்த பிள்ளை இருக்கிற வீட்டில் இந்தப் பேச்சு என்றைக்காவது வந்துவிடும். உள்ளூர்த் தனியார் ஆஸ்பத்திரிச் சம்பளத்தில் கல்விக் கடன் தவணை கட்டிவிட்டு மிச்சம் பிடிப்பது கஷ்டம். செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம்; அங்கே தெருவுக்குத் தெரு வளைகுடா நர்ஸ் வீடு. "கூடப் படிச்சவ குவைத்துக்குப் போயிட்டா, நம்ம பிள்ளை இன்னும் நைட் டியூட்டி பார்த்துக்கிட்டு இருக்கு" என்று ஒரு தாய் சொன்னால் அதில் தவறு ஒன்றுமில்லை. போக வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. நகை அடகுக்குப் போய்ப் பணம் கைமாறும் அந்த ஒரு வாரத்தில் வீட்டார் எல்லாரும் உட்கார்ந்து சில தாள்களைப் படித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். வெளிநாடு போய் மாட்டிக்கொண்டவர்களின் கதைகளைக் கேட்டால், முடிச்சு பெரும்பாலும் இங்கேயே விழுந்திருக்கிறது.

2015இல் கொச்சியில் சிபிஐ ஒரு வழக்குப் பதிந்தது. குவைத் சுகாதார அமைச்சகத்துக்கு நர்ஸ்களை எடுத்துக் கொடுத்த ஒரு ஏஜென்சி, ஒருவரிடம் வாங்க அன்று அனுமதிக்கப்பட்ட கட்டணம் 19,500 ரூபாய். வாங்கியதாகக் குற்றச்சாட்டு 19.5 லட்சம். நூறு மடங்கு! குடிபெயர்வோரைக் காக்க வேண்டிய அலுவலகத்தின் அதிகாரியும் அந்த வழக்கில் சேர்க்கப்பட்டார். இவ்வளவு பணம் கொடுத்தவர்கள் படிக்காதவர்கள் இல்லை. டோஸ் கணக்கில் ஒரு மில்லி பிசகாமல் மருந்து ஏற்றுகிறவர்கள். சட்டம் எவ்வளவு வாங்க அனுமதிக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆகவே முதலில் அந்த உச்சவரம்பு, இன்றைய கணக்கில். பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் தன் சேவைக்காக ஒருவரிடம் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும். மொத்தம் 35,400. ரசீது கொடுத்தாக வேண்டும். இதற்கு மேல் வாங்குவது 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி குற்றம். பதிவே இல்லாமல் ஆள் சேர்ப்பதும் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. "மேலே கொடுக்கணும், எம்பசியில கொடுக்கணும், விசா விலைக்கு வாங்கணும்" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் 35,400க்கு மேலே ஏறும்போது நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிடலாம்.

ஏஜெண்டுக்குப் பதிவு இருக்கிறதா என்று பார்க்கச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு நடப்பில் உள்ளவர்கள், நிறுத்திவைக்கப்பட்டவர்கள் என்று பட்டியல் இருக்கிறது. பதிவில்லாமல் தொழில் செய்வதாகப் புகார் வந்தவர்களின் பட்டியலும் மாநில வாரியாக உண்டு. போர்டில் உள்ள பெயர், பதிவு எண், அலுவலக முகவரி மூன்றும் தளத்தில் இருப்பதோடு பொருந்த வேண்டும். இங்கேதான் நம் பக்கத்து ஆட்கள் ஏமாறுகிறார்கள். பதிவு சென்னைக்காரர் பெயரிலோ கொச்சிக்காரர் பெயரிலோ இருக்கும். பணம் வாங்குகிறவர் நமக்குத் தெரிந்த ஒருவராக இருப்பார், சொந்தக்காரராகக்கூட இருப்பார். "நான் அவங்க ஆளுதான்" என்பார். சப்-ஏஜெண்ட் என்று ஒருவரைச் சட்டம் ஏற்பதில்லை. அவர் கையில் கொடுத்த பணத்துக்கு அந்தப் பெரிய ஏஜென்சி பொறுப்பேற்காது. பணம் வங்கி வழியாக, பதிவு பெற்ற நிறுவனத்தின் கணக்குக்கே போக வேண்டும். தனி ஆளின் ஜிபே நம்பருக்கு அல்ல.

வளைகுடாவுக்குப் போகும் நர்ஸ்களுக்கு இன்னொரு பாதுகாப்பு இருக்கிறது. நம் ஊரில் இதைத் தெரிந்தவர்கள் குறைவு. சவுதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், அமீரகம், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவர், பத்தாம் வகுப்புக்கு மேல் படித்து இசிஎன்ஆர் (குடிபெயர்வு அனுமதி தேவையில்லாத) பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும் என்று 2015இல் மத்திய அரசு விதித்தது. அந்த நாடுகளுக்கு நர்ஸ்களை எடுக்கும் பொறுப்பையும் தனியாரிடமிருந்து எடுத்து அரசு நிறுவனங்களிடம் தந்தது. கேரளத்துக்கு நோர்க்கா ரூட்ஸும் ஒடெபெக்கும். நமக்கு ஓஎம்சிஎல், அதாவது 1978இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். அலுவலகம் சென்னை கிண்டியில். ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை பேர், என்ன சம்பளம் என்ற அறிவிப்பை அவர்கள் வெளிப்படையாகவே போடுகிறார்கள். இன்றைய தேதியில் எந்தெந்த நிறுவனத்துக்கு அனுமதி என்பதையும் இ-மைக்ரேட்டிலேயே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த அனுமதியைத் தாண்டிப் போக ஏஜெண்டுகள் கண்டுபிடித்த வழிதான் விசிட் விசா. "முதல்ல டூரிஸ்ட்டா போயிடு, அங்க போய் வேலை விசாவா மாத்திக்கலாம்." இப்படிப் போனவருக்கு இங்கே ஒப்பந்தப் பதிவு இல்லை. குடிபெயர்வு அனுமதியோடு சேரும் பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் இல்லை. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் பிரீமியத்தில் பத்து லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு அது. அங்கே லைசென்ஸ் இல்லாமல் வேலை செய்தால் குற்றவாளியாகவே ஆகிவிடுவார். 2023 செப்டம்பரில் குவைத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் சோதனை நடந்து 60 பேரைப் பிடித்தார்கள். அவர்களில் 34 பேர் இந்தியர்கள், பெரும்பாலும் நர்ஸ்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த தாய்களும் இருந்தார்கள். அவர்களிடம் தகுந்த அனுமதி இல்லை என்பது அதிகாரிகளின் குற்றச்சாட்டு. பல நாள் கழித்துத்தான் விட்டார்கள். வேலையில் சேர்ந்து பல வருடம் ஆகியிருந்தாலும் லைசென்ஸும் விசாவும் யார் பெயரில், எந்த வேலைக்கு என்று நர்ஸே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சர்டிபிகேட் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கும் இடத்துக்கு ஆறு மாத அனுபவம் உள்ள பெண்ணிடம், "எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் நாங்க ரெடி பண்ணித் தர்றோம்" என்பார்கள். வளைகுடா நாடுகள் பெரும்பாலும் டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனம் மூலம் சான்றிதழ் தந்த இடத்திலேயே நேரடியாக விசாரிக்கின்றன. பொய் என்று அறிக்கை வந்தால் அது ஏஜெண்டின் பெயரில் ஏறாது, உங்கள் பெயரில் ஏறும். அடுத்து எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் பின்னால் வரும். அதோடு, இந்தச் சரிபார்ப்புக்கும் லைசென்ஸ் பரீட்சைக்கும் விண்ணப்பம் போடும்போது மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் ஏஜெண்ட் உண்டாக்கிக்கொண்டு நமக்குத் தராமல் வைத்திருப்பார். பிறகு விலகலாம் என்றால், பரீட்சை ரிசல்ட்டே அவர் கையில். உங்கள் மின்னஞ்சல், உங்கள் போன் நம்பர், கட்டணமும் உங்கள் கார்டிலிருந்து நேரே சரிபார்க்கும் அல்லது பரீட்சை நடத்தும் நிறுவனத்துக்கு, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒரிஜினல் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் "பாதுகாப்புக்கு" வாங்கி வைத்துக்கொள்வதும் நடக்கிறது. 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. ஏஜெண்டோ முதலாளியோ அதைப் பிடித்துவைக்க முடியாது. சவுதி, கத்தார், அமீரகச் சட்டங்களும் முதலாளி பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்வதைத் தடுக்கின்றன. விட்டுப் போகிறேன் என்று சொன்ன நர்ஸின் சான்றிதழை உள்ளூர் ஆஸ்பத்திரி தராமல் இழுத்தடித்தாலும் பயப்பட வேண்டாம். கல்விச் சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஒப்பந்தத்தில் நான் பார்க்கச் சொல்வது ஐந்து விஷயங்கள்: அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், தங்குமிடமும் டிக்கெட்டும் யார் செலவு, இடையில் விலகினால் என்ன கட்ட வேண்டும். வளைகுடாவில் அரபு மொழிப் பிரதிதான் கோர்ட்டில் செல்லும். இங்கே ஆங்கிலத்தில் ஒன்று, அங்கே போய் அரபியில் வேறொன்று என்று கையெழுத்து வாங்குவது பழைய தந்திரம். அங்கே புதிதாக எதையாவது நீட்டினால், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.

பிரிட்டன் கதை வேறு. அங்கே அரசின் நடத்தை விதிப்படி வேலைக்காக நர்ஸிடம் ஏஜென்சி கட்டணமே வாங்கக் கூடாது. ஆனால் நர்ஸ் படித்தவர்களுக்கே "கேர் அசிஸ்டண்ட்" விசாவைப் பத்து லட்சம், பதினைந்து லட்சம் என்று விற்றார்கள். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து கேர் வொர்க்கர்களைப் புதிதாக எடுப்பதையே பிரிட்டன் நிறுத்திவிட்டது. இன்னும் அதற்கு அட்வான்ஸ் கேட்கிறவர் பொய் சொல்கிறார். ஜெர்மனியில் முழு நர்ஸாக அங்கீகாரம் பெற ஜெர்மன் மொழி பி2 நிலை வரை வேண்டும். மூன்று மாதத்தில் வேலை என்று சொல்வதை நம்ப முடியாது. நர்சிங் முடித்தவரை "ஆஸ்பில்டுங்" என்ற பெயரில் மறுபடியும் மூன்று வருடப் பயிற்சி மாணவராக அனுப்புவதும் உண்டு. விசாத் தாளில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பணம் எவ்வளவு தூரம் ஒருவரைக் கட்டிப்போடும் என்பதற்கு 2014 ஜூன் மாத திக்ரித் சாட்சி. ஈராக்கின் அந்த ஊரை ஐஎஸ் ஆட்கள் பிடித்தபோது ஆஸ்பத்திரியில் 46 இந்திய நர்ஸ்கள் இருந்தார்கள். 45 பேர் கேரளம், ஒருவர் நம் தூத்துக்குடி. வெளியே குண்டு விழுந்துகொண்டிருந்தது. அப்போதும் சிலர் ஊருக்குத் திரும்பத் தயங்கினார்கள். மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி; ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் அப்படியே நின்றது. ஜூலை 5ஆம் தேதி விமானம் கொச்சியில் இறங்கியது. உயிர் பிழைத்தார்கள், கடன் கூடவே இருந்தது. 35,400 ரூபாயோடு போனவருக்கும் பத்து லட்சக் கடனோடு போனவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஆபத்து என்றால் முன்னவரால் திரும்பி வர முடியும்.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் இதை வெளியே சொல்வதில்லை. "தெரிஞ்சா பிள்ளைக்கு வரன் வராது", "சொந்தக்காரன் மேல எப்படிக் கேஸ் கொடுக்கிறது" என்று அமுக்கிவிடுகிறோம். பணம் ஆன்லைனில் போயிருந்தால் அன்றைக்கே 1930க்கு அழைக்க வேண்டும். நேரம் ஆக ஆகத் திரும்பக் கிடைப்பது குறைகிறது. ரொக்கமாகக் கொடுத்திருந்தாலும் வாட்ஸ்அப் செய்திகள், பேசிய பதிவு, நகை அடகு வைத்த ரசீதின் தேதி எல்லாம் சாட்சியம். அந்தப் பழைய போனை விற்காமல் வைத்திருங்கள். ஏஜெண்ட் கொச்சியில் இருக்கிறார், அங்கே போய்ப் புகார் கொடு என்று ராஜபாளையம் ஸ்டேஷனில் சொல்ல முடியாது. எல்லை எங்கே இருந்தாலும் புகாரைப் பதிந்து அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. குடிபெயர்வுச் சட்டப்படி வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி தேவை. ஆனால் பாதிக்கப்பட்டவரோ, அவர் சார்பில் அப்பா, அம்மா, கணவர், உடன்பிறந்தவர் போன்றவர்களோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை. பிள்ளை ரியாத்தில் இருந்தாலும் தாய் இங்கே வழக்குக்கு நடக்கலாம்.

நடக்க வேண்டிய தூரமும் பெரிதில்லை. மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். அங்கேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். 15100க்கு அழைத்தும் கேட்கலாம். நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. ஏஜெண்ட் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

வெளிநாடு போன பிறகு சம்பளம் வரவில்லை, பாஸ்போர்ட்டைத் தரவில்லை என்றால் இந்தியத் தூதரகத்தில் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதாத்' தளத்தில் வீட்டிலிருந்தும் பதியலாம். தங்க இடமும் டிக்கெட்டும் இல்லாமல் தவிப்பவர்களுக்காகத் தூதரகங்களிடம் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. பிரிட்டனில் ஒரு முதலாளியை விட்டு விலகினால், வேறு ஸ்பான்சரைத் தேடிக்கொள்ளப் பொதுவாக 60 நாள்தான் தருகிறார்கள். ஆகவே கோபத்தில் ராஜினாமா எழுதுவதற்கு முன் அங்குள்ள நர்ஸ் சங்கத்திடம் பேசிவிட வேண்டும்.

புறப்படும் வாரத்தில் இட்லிப் பொடியும் ஊறுகாயும் கட்டும்போது ஒரு ஃபைலும் கட்டுங்கள். ஒப்பந்தம், விசா, பாஸ்போர்ட், நர்சிங் கவுன்சில் பதிவு, பணம் கொடுத்த ரசீது, ஆஸ்பத்திரி முகவரி, அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தின் எண் ஆகிய எல்லாவற்றிலும் ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். ஃபைலின் அட்டையில் பெரிய எழுத்தில் இரண்டு இலவச எண்கள்: பிரவாசி பாரதிய சகாயதா மையம் 1800 11 3090, தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் உதவி மையம் 1800 309 3793. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும் என்றால், போவதற்கு முன்னால் ஒருமுறை அவர் கையாலேயே அந்த எண்களை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.