கொல்லைப்புறத்தில் கோடை அறுவடை

பங்குனி மாதம். காலை மணி ஆறு. கள்ளக்குறிச்சியில் மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை நீலக் கோடாகத் தெரிகிறது. இன்னும் மூன்று மணி நேரத்தில் வெயில் சுடத் தொடங்கிவிடும். தேர்வுக்குப் படிக்க எழுந்திருக்கிறீர்கள் அல்லவா? புத்தகத்தைக் கால் மணி நேரம் மூடி வையுங்கள். ஒரு கூடையை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறத்துக்கு வாருங்கள்.

வெண்டைச் செடிகளில் பத்துக் காய்கள். வேலியில் பீர்க்கு. பாத்தியில் முளைக்கீரை. கிணற்றடியில் குண்டுமல்லி மொட்டுகள். இவற்றைப் பறிப்பது சில நிமிட வேலைதான். ஆனால், கூடையில் விழும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பூ எந்த மணிக்கு விரிந்தது, அதைத் தேடி வந்த பூச்சி எது, காய் எத்தனை நாளில் முற்றும் என்ற கணக்கு அது. இந்தக் கணக்கு தெரிந்தவர் வீட்டில் சித்திரை வரை காய் உண்டு. தெரியாதவர் வீட்டில் பல சமயம் இலையும் கொடியும் மட்டுமே மிஞ்சும்!

வெண்டையின் ஆறு நாள்

தைப் பொங்கல் கழிந்த வாரத்தில் வெண்டை விதையை ஓர் இரவு நீரில் ஊறவைத்து ஊன்றினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கைந்து நாளில் முளை எட்டிப் பார்க்கும். ஏறத்தாழ நாற்பதாம் நாள், அதாவது மாசி மூன்றாம் வாரத்தில், முதல் பூ. மஞ்சள் இதழ், நடுவில் கருஞ்சிவப்புக் கண். செம்பருத்தியும் பூவரசும் பருத்தியும் இதற்கு உறவு. பூவைப் பார்த்தாலே குடும்பச் சாயல் தெரியும்.

இந்தப் பூவுக்கு ஆயுள் ஒரே நாள். காலையில் விரிந்து, மாலைக்குள் வாடிவிடும். அதற்குள் மகரந்தம் சூல்முடியில் சேர்ந்துவிட்டால் சூலகம் காயாக நீளத் தொடங்கும். ஐந்தாறு நாளில் பறிக்கும் பருவம் வந்துவிடும். இன்னும் நான்கைந்து நாள் விட்டுவிட்டால்?

கடைத்தெருவில் உங்கள் பாட்டி வெண்டைக்காய் வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் முறைத்தாலும் கவலைப்படாமல் நுனியை ஒடித்துப் பார்ப்பார். 'டக்' என்று ஒடிந்தால் கூடைக்குள் போகும். வளைந்தால் திரும்பிப் போகும். பாட்டி செய்வது நல்ல விஞ்ஞானச் சோதனை! காய் முற்ற முற்ற அதன் நார்ச் செல்களின் சுவர்களில் 'லிக்னின்' என்ற பொருள் படிகிறது. மரத்துக்கு உறுதி தருவதும் இதே பொருள்தான். லிக்னின் ஏறிய காய் ஒடியாது, வேகாது, பல்லில் சிக்கும்.

முற்றிய காயால் இன்னொரு நட்டமும் உண்டு. செடி நமக்காகக் காய்ப்பதில்லை, விதைக்காகக் காய்க்கிறது. விதை முற்றும் காய், இலை சமைக்கும் சர்க்கரையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். புதிய பூக்களுக்குப் போகும் பங்கு குறையும். பறித்துவிட்டாலோ, செடி மீண்டும் பூக்க முனைகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கச் சொல்வது இதனால்தான்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரே அளவுள்ள நான்கு செடிகளைத் தேர்ந்தெடுங்கள். இரண்டில் சிவப்பு நூல் கட்டுங்கள். நூல் கட்டிய செடிகளில் முதல் மூன்று காய்களைப் பறிக்காமல் விட்டுவிடுங்கள். மற்ற இரண்டில் தவறாமல் பறியுங்கள். ஒரு மாதத்துக்கு நாள்தோறும் பூக்களை எண்ணி எழுதுங்கள். விடையை உங்கள் குறிப்பேடே சொல்லும்.

பிடுங்காதீர்கள், பொறுங்கள்!

இப்போது பரங்கிக் கொடிக்கு வருவோம். பொன்னிறப் பூக்கள் நிறையப் பூக்கின்றன, எல்லாம் உதிர்கின்றன. ஒரு பிஞ்சுகூட இல்லை. "இது ஆண் கொடி, காய்க்காது. பிடுங்கிப் போடு" என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அரிவாள் வருவதற்குள் நீங்கள் குறுக்கே நின்றாக வேண்டும்!

பரங்கியில் ஆண் கொடி, பெண் கொடி என்று தனித்தனியே கிடையாது. ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாகப் பூக்கும். மெல்லிய நீண்ட காம்பில் நிற்பது ஆண் பூ. இதழுக்குக் கீழே குட்டிப் பரங்கிக்காய் போன்ற உருண்டை இருந்தால் அது பெண் பூ. பெரும்பாலும் ஆண் பூக்களே முதலில் வரும். கடும் வெப்பமும் நீண்ட பகலும் ஆண் பூக்களையே மிகுதியாக்கும். ஆகவே கோடையில் பூ உதிர்வது கொடியின் குற்றமன்று. பெண் பூ வரும்வரை காத்திருக்க வேண்டும்.

பெண் பூ வந்த பிறகும் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தால் வேறு காரணம் தேட வேண்டும். பரங்கியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. அதைச் சுமந்து செல்லத் தேனீ வேண்டும். காலையில் பூச்சிமருந்து அடித்த தோட்டத்தில் தேனீ எப்படி வரும்? புழுவைக் கொல்லத் தெளித்த மருந்து தூது வந்தவனையும் கொன்றுவிடும்.

தேனீ வராவிட்டால் நீங்களே தேனீ ஆகலாம். காலை எட்டு மணிக்குள் அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறியுங்கள். இதழ்களைக் கிள்ளி எடுத்துவிட்டு, நடுவில் உள்ள மகரந்தத் தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் மெதுவாகத் தடவுங்கள். வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும், வாய்ப்பும் போய்விடும். மகரந்தம் சரியாகச் சேர்ந்திருந்தால் சில நாட்களில் பிஞ்சு பருக்கத் தொடங்குவதைக் காண்பீர்கள்.

மாலையில் கடை திறப்பவர்கள்

எல்லாப் பூவும் காலையில் விரிவதில்லை. பாகல், பரங்கி ஆகியவை விடியலில் விரியும். பீர்க்கும் சுரையும் மாலையில் விரியும். புடலையின் வெள்ளைப் பூவோ இதழோரம் நூல் நூலாகப் பிரிந்து இருட்டில் விரியும். ஏன் இந்த வேறுபாடு? அந்திக்குப் பின் பறப்பவை விட்டில் இனப் பூச்சிகள். இருளில் வண்ணத்தால் பயன் குறைவு. வெளிர் நிறமும் மணமுமே வழிகாட்டும். வாடிக்கையாளர் வரும் நேரத்தில்தானே கடை திறக்க வேண்டும்?

குண்டுமல்லியும் மாலையில் விரிவதே. கார்த்திகை, மார்கழியில் கிளைகளை வெட்டிவிட்ட செடி புதுத் தளிர் விட்டு, பங்குனியில் பூக்கத் தொடங்கும். மல்லிகையை விடிகாலையில் மொட்டாகவே பறிப்பார்கள். ஏன் தெரியுமா? நன்கு பருத்து வெளுத்த மொட்டு அன்று மாலை விரியும். விரியும்போதுதான் மணம் எழும். காலையில் கட்டிய சரம் மாலையில் வீடெல்லாம் மணப்பது, பறித்த பின்னும் மொட்டு உயிரோடிருந்து தன் வேலையை முடிப்பதால்தான்.

பாத்தி ஓரங்களில் செண்டுமல்லி நட்டிருக்கிறீர்களா? நல்லது. அதன் வேர்களில் உள்ள ஒரு வேதிப்பொருள், காய்கறிச் செடிகளின் வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுக்கள் சிலவற்றை அழிக்க வல்லது. பூவைத் தேடி வரும் வண்டும் தேனீயும் பக்கத்துக் கொடிக்கும் போகும்.

மலைத் தக்காளி, ஊர்த் தக்காளி

சித்திரையில் உங்கள் தக்காளிச் செடி பூத்தும் காய்க்காமல் நிற்கலாம். காய்த்தாலும் பழம் சிவக்காமல் மஞ்சளாகவே நின்றுவிடலாம். உரம் போதவில்லை என்று எண்ணாதீர்கள். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் வலுவிழக்கிறது. இரவும் புழுக்கமாயிருந்தால் பூக்கள் உதிர்கின்றன. பழத்துக்குச் சிவப்பைத் தருவது 'லைக்கோப்பீன்' என்ற நிறமி. 30 டிகிரிக்கு மேல் வெப்பம் நீடித்தால் அது உருவாவது தடைப்படும். மஞ்சள் நிறக் கரோட்டீன் மட்டும் தொடர்ந்து உருவாகும்.

இனி, பேருந்தில் ஏறிக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்குப் போவோம். கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அந்த மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு விதமான தட்பவெப்பம் இருக்கிறது! கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன் மலை 600 மீட்டருக்கு மேல் உயர்ந்து, சில இடங்களில் 1,000 மீட்டரையும் தாண்டுகிறது. ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறினால் காற்றின் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். 800 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஐந்து டிகிரி. கீழே 38 டிகிரி என்றால் மேலே 33. தக்காளிக்கு இந்த ஐந்து டிகிரி வாழ்வா சாவா என்ற வேறுபாடு. மலையில் நண்பர் இருந்தால் ஒரே விதையைப் பங்கிட்டு ஒரே நாளில் விதையுங்கள். பூத்த நாள், காய்த்த எண்ணிக்கை, பழத்தின் நிறம் மூன்றையும் ஒப்பிடுங்கள். செலவில்லாத நல்ல ஆராய்ச்சி இது.

ஊரில் இருப்பவர் தக்காளிக்காக ஏங்க வேண்டாம். முளைக்கீரை இருக்கிறதே! 25 நாளில் பறித்துவிடலாம். வெயில் அதற்குப் பகையன்று. 1966-ல் ஹேட்ச், ஸ்லாக் என்ற விஞ்ஞானிகள் ஆஸ்திரேலியாவில் கரும்பு இலையை ஆராய்ந்தபோது, கரியமிலவாயுவைப் பிடிக்க அது தனி வழி ஒன்றைக் கையாள்வதை விளக்கினர். நான்கு கார்பன் கொண்ட சேர்மம் முதலில் உண்டாவதால் இவ்வகைத் தாவரங்களை 'சி-4 தாவரங்கள்' என்கிறோம். கடும் வெயிலிலும் குறைந்த நீரில் இவை சுறுசுறுப்பாக உணவு சமைக்கும். கள்ளக்குறிச்சி வயல்களில் நிற்கும் கரும்பும் உங்கள் பாத்தியில் உள்ள முளைக்கீரையும் இந்த ஒரு விஷயத்தில் கூட்டாளிகள்.

ஒரு குடம் தண்ணீர்

கோடையில் கிணறு வற்றும். குழாயில் நீர் குறையும். குடிக்கவே நீர் தேடும் வீட்டில் செடிக்கு ஊற்றினால் அம்மா கோபிப்பது நியாயம்தான். ஆகவே ஒரு குடம் நீரை எப்படி இரண்டு குடமாக்குவது என்று யோசியுங்கள்.

அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் செடிக்கு நல்லவை. நண்பகலில் ஊற்றாமல் அதிகாலையிலோ மாலையிலோ ஊற்றுங்கள். செடியடியில் கரும்புச் சோகையையோ காய்ந்த இலையையோ நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரப்புங்கள். மண்ணில் வெயில் நேராக விழாது. ஈரம் ஆவியாவது குறையும். கொடிக்கு இன்னொரு வழி உண்டு. பழைய மண்பானையை அதன் அருகே கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவையுங்கள். பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வேருக்குப் போகும். மண் ஈரமாயிருந்தால் கசிவு குறையும், காய்ந்தால் கூடும். ஆள் நின்று பார்க்காமலே அளந்து ஊற்றும் கருவி அது!

பறித்த காயும் மூச்சு விடும்

காயை ஏன் விடியலில் பறிக்கச் சொன்னோம்? இரவெல்லாம் நீராவிப்போக்கு குறைந்திருப்பதால் விடியலில் செல்கள் நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும். பறித்த பின்னும் காய் சுவாசிக்கிறது; நீரையும் இழக்கிறது. நூறு கிராம் வெண்டைக்காயில் ஏறத்தாழ 90 கிராம் நீர்தான். பத்துக் காய்களை எடை போட்டு, ஐந்தை வெளியிலும் ஐந்தை ஈரத்துணியில் சுற்றி நிழலிலும் வையுங்கள். மாலையில் துடைத்து மறுபடி எடை போட்டால், எது எவ்வளவு இழந்தது என்று தெரியும்.

கடைசியாக ஒன்று. நோயில்லாமல் நன்றாகக் காய்த்த ஒரு செடியை மட்டும் விதைக்கு விடுங்கள். காய் செடியிலேயே காய்ந்து வெடிக்கும் பருவத்தில் எடுத்து, நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து வையுங்கள். வீரிய ஒட்டு விதையில் வந்த செடியானால் அதன் பிள்ளைகள் தாயைப் போலவே இரா. நாட்டு விதைக்கே இது பொருந்தும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னார்கள் நம் முன்னோர். ஆடி வரும்போது கடைக்கு ஓடாமல் உங்கள் அலமாரியிலேயே விதை இருக்கும்.

சரி, கூடை நிறைந்துவிட்டது. வெண்டைக்காயை அம்மாவிடம் கொடுங்கள். மல்லிகை மொட்டுகளைப் பாட்டியிடம் கொடுங்கள். இன்றைய தேதியிட்டு, காய் எத்தனை, பூ எத்தனை என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். இனிப் படிக்கப் போகலாம். வெயில் ஏறுகிறது!